தேங்காயெண்ணெய்

"சார் வரலியா, மேடம்?" என்றுதான் மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்டார். அப்பா விட்டுப்போன 1974ஆம் வருடத்துப் புல்லட்டைச் சரிசெய்ய வந்திருப்பவள் நான்தான் என்று நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தம்பி காயலான் கடைக்குப் போடச் சொல்லியிருந்தான்.

சக்கரங்களைக் கழற்றிப் போட்டார். முன் ரிம் பளபளத்தது. பின் ரிம்மில் செயினும் சைலன்சரும் மறைத்த இடமெல்லாம் செம்புள்ளிகள். பின்னதை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். அவர் பதில் சொல்லாமல் டயரை எடுத்து, டியூபுக்கு அடியிலிருந்த ரப்பர் பட்டையை உரித்தார். முன் ரிம்மின் உள்பக்கம் செதில் செதிலாக உதிர்ந்தது. கம்பித் துளைகள் வழியே இறங்கிய தண்ணீர் அங்கேயே தங்கிவிட்டிருக்கிறது. தூத்துக்குடி உப்புக்காற்று வேறு. பின் டயரையாவது பஞ்சருக்காக அவ்வப்போது கழற்றினார்கள். முன்னதை யாரும் திறக்கவே இல்லை.

ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்துக் குத்தச் சொன்னார். முன் ரிம்மில் துளையோரம் முனை உள்ளே இறங்கியது. பின்னதில் எங்கு குத்தியும் இறங்கவில்லை. அதன் புள்ளிகள் மேலோட்டமானவை. அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் போட்டால் குரோமில் கீறல் விழும். முன்னதற்குப் புதிதாக முலாம் போட்டால் என்ன என்றேன். பழைய குரோமையும் நிக்கலையும் உரித்து பஃபிங் பிடிப்பார்கள், இரும்பு இன்னும் தேயும், முலாம் பள்ளத்தை நிரப்பாது என்றார்.

"உள்ளே அரிப்பு, வெளியே மினுக்கு. கவிதைக்கு ஆகுமே" என்றாள் தோழி. ஆகும். எனக்கு ரிம் ரிம்மாகவே வேண்டியிருந்தது: 19 அங்குலம், 40 கம்பி. பிரிப்பதற்கு முன் ஹப்பிலிருந்து ரிம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டேன். அது தவறினால், என்னதான் கோட்டம் எடுத்தாலும் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது.

"வெளிப்பக்கம் இத்தனை வருசம் இப்படி இருக்கறது அபூர்வம். அப்பா நல்லா வச்சிருந்திருக்கார்."

அப்பா ஒருநாளும் துடைத்ததில்லை. ஞாயிறுதோறும் பழைய சேலைத்துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு, கம்பி கம்பியாகத் துடைத்தது அம்மா. அரிவாள்மனைக்குச் செய்வதை இதற்கும் செய்தாள். தெருவில் மெச்சியது அப்பாவின் வண்டியை.

"அம்மா துடைச்சது" என்றேன்.

வீட்டுக்கு வந்து விவரம் சொன்னபோது அம்மாவின் முகம் வாடிவிட்டது. "முன் சக்கரத்தை நான் சரியாத் துடைக்கலியோ?"

"அது டயருக்குள்ளம்மா. வெளியே தெரியாது."

"யாராவது கழட்டிக் குடுத்திருந்தா அதையும் துடைச்சிருப்பேன்" என்றாள்.