தோளுக்கேற்ற தோட்டா

துப்பாக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போலீஸ்காரரின் இடுப்பும் நாளிதழின் குற்றச் செய்திப் பக்கமும்தான். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே கம்பி எண்ண வேண்டியிருக்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு வேண்டுமானால், இளம் செம்பனைக் கன்றுகளை நாசம் செய்யும் காட்டுப் பன்றியைச் சுட, உரிமத்தோடு வந்த யாராவது ஞாபகத்தில் இருக்கலாம். அதனால், பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்று ஒரு குடும்பமே உட்கார்ந்து பேசும் என்பது எனக்கு நினைத்துப் பார்க்க முடியாத ஒன்றாக இருந்தது.

அந்தப் பெண் என் அக்கா மகள். அக்கா தாதியாக வேலைக்குப் போய், நியூசிலாந்துக்காரரை மணந்து, தென் தீவில் கேன்டர்பரி வட்டாரத்தில் குடியிருக்கிறார். அத்தானின் அப்பா விவசாயி. ஏப்ரலில், அங்கே இலையுதிர் காலத்தில், வானொலிப் பணிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நான் போயிருந்தபோதுதான் இந்தப் பேச்சு நடந்தது. மான் வேட்டைக்குத் தாத்தாவுடன் போக வேண்டும் என்று அவள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

இங்கிருந்து அம்மா கைப்பேசியில் பொரிந்து தள்ளினார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி துப்பாக்கி? நீயாவது அக்காகிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?" எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 உயிர்கள் போனதை வானொலிச் செய்தியில் கேட்டவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன்பின் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கி வகைகளை அந்நாடு தடை செய்தது. அக்கா வீட்டில் இருப்பது ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டிய வேட்டைத் துப்பாக்கி.

அங்கே வேட்டைக்கு ஒரு காரணம் உண்டு. நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர மண்ணுக்குரிய நிலவாழ் பாலூட்டி எதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் கொண்டுவந்து விட்ட மான்கள் பெருகி, காட்டின் இளஞ்செடிகளைத் தின்று தீர்க்கின்றன. அதனால் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதி பெற்று அரசாங்கக் காடுகளில் மான் சுடலாம். சுட்ட இறைச்சி வீட்டுக்கு வரும். பதினாறு வயதில்தான் உரிமம் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ளவர்கள், உரிமம் உள்ள பெரியவர் பக்கத்திலேயே இருந்து கண்காணித்தால் மட்டுமே துப்பாக்கியைத் தொட முடியும்.

இனி, தோட்டாவுக்கு வருவோம். தோட்டா என்பது குண்டு மட்டுமல்ல. பித்தளை உறை, அதன் அடியில் பற்றவைக்கும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு, இவை நான்கும் சேர்ந்ததே தோட்டா. மருந்து எரிந்து குண்டை முன்னே தள்ளும்போது, அதே விசை துப்பாக்கியைப் பின்னே தள்ளும். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். அந்த உதையை வாங்குவது சுடுபவரின் தோள்.

அன்று மேசையில் மூன்று கட்சிகள் இருந்தன. தாத்தாவின் நண்பர், "1952-இல் வந்த .308 வின்செஸ்டர்தான் சரி. வளர வளரப் பழகிக்கொள்வாள்" என்றார். அத்தானின் தம்பி, உதையே தெரியாத .223 ரெமிங்டன் போதும் என்றார். தாத்தா இரண்டையும் கேட்டுவிட்டு, .243 வின்செஸ்டர் என்று முடித்தார்.

காரணம் கேட்டேன். .308-இன் உறையையே எடுத்து, கழுத்தை ஒடுக்கி, சிறிய குண்டைப் பொருத்தி 1955-இல் வெளியிட்டதுதான் .243. ஒரே தாயின் பிள்ளைகள். ஆனால் .308-இல் வழக்கமாகப் போடும் குண்டு ஏறக்குறைய 10 கிராம்; .243-இல் 6.5 கிராம். அதனால் ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .243-இன் உதை, .308-இன் உதையில் பாதியைவிடச் சற்றே கூடுதல். பெரியவர்கள் சிலர் பெருமைக்கு வாங்கும் .300 வின்செஸ்டர் மேக்னத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான்.

அப்படியானால் .223 இன்னும் நல்லதல்லவா? முயலுக்கும் வாலபிக்கும் நல்லதுதான். அதன் குண்டு மூன்றரை கிராம் அளவு. பெரிய செம்மானை அது வீழ்த்தாது என்றில்லை. ஆனால் இம்மி பிசகினாலும் மான் காயத்தோடு ஓடும். இங்கிலாந்தில் செம்மான் போன்ற பெரிய மான்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறைந்த துப்பாக்கியைச் சட்டமே அனுமதிப்பதில்லை. கற்றுக்குட்டியின் கையில், பிசகுக்குக் கொஞ்சம் இடம் விடும் தோட்டாதான் வேண்டும் என்றார் தாத்தா. அவள் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு, அதே குடும்பத்தில் 1980-இல் வந்த 7 மி.மீ.-08 ரெமிங்டனுக்கு மாறிக்கொள்ளலாமாம்.

"வளர வளரப் பழகிக்கொள்வாள்" என்ற பேச்சுதான் ஆபத்து என்று அவர் விளக்கினார். முதல் நாளே தோளில் பலமாக உதை வாங்கிய பிள்ளை, அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும், உடம்பு தானாகச் சுருங்கும், குழல் தாழும். மானின் முன்காலுக்குப் பின்னால் இதயத்திலும் நுரையீரலிலும் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். பிள்ளையின் பயத்துக்கு மான் விலை கொடுக்கும். அந்தப் பயம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு.

அவள் பயப்படுகிறாளா என்று கண்டுபிடிக்க அவர் செய்த சோதனை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்குத் தெரியாமல், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைக் கலந்து வைத்தார். அவள் விசையை இழுத்தாள். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. குழல் அசையவில்லை. அசைந்திருந்தால் மறுபடியும் சிறிய .22-க்கே திருப்பி அனுப்பியிருப்பாராம்.

பயத்தின் பாதி சத்தத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. காதை வைத்துப் பிழைக்கிறவள் நான். வேட்டைத் துப்பாக்கியின் வெடியோசை ஏறக்குறைய 160 டெசிபல். 140-ஐத் தாண்டிய ஒரே வெடி, காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். நியூசிலாந்தில் துப்பாக்கியில் ஒலிதணிப்பான் பொருத்துவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. பல வேட்டைக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். அது உதையையும் குறைக்கும். அதோடு காதுமூடியும் போட்ட பிறகுதான் அவளைச் சுட விட்டார். இன்னொன்றும் சொன்னார்: பிள்ளை தூக்க வசதியாக இருக்கட்டும் என்று எடை குறைந்த துப்பாக்கி வாங்குவார்கள்; ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும். கட்டையின் நீளத்தைப் பிள்ளையின் கைக்கேற்ப வெட்டிக் குறைப்பதே முக்கியம்.

நான் அங்கிருந்தபோது இருவரும் ஒருநாள் மலைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். தாத்தா தமக்கென்று துப்பாக்கி எடுத்துப் போகவில்லை. பெண்மான் ஒன்று நூறு மீட்டருக்குள் நின்றதாம். "ஏன் சுடல?" என்று கேட்டேன். "அது மலை உச்சியில நின்னுச்சு, சின்னம்மா. பின்னால வானம் மட்டும்தான். குண்டு தப்பிப் போனா எங்க போய் விழும்னு தெரியாது" என்றாள். குண்டு போகும் திசை முழுவதையும் பார்த்த பிறகே சுட வேண்டும் என்பது அந்நாட்டின் ஏழு பாதுகாப்பு விதிகளில் ஒன்று. விதியைச் சொல்லிக்கொடுத்தது தாத்தா. ஆனால் மான் கண்ணெதிரே நிற்கும்போது விரலை எடுத்தது அவள். அன்றோடு என் நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது.

நம் பிள்ளைகள் துப்பாக்கி தூக்கப் போவதில்லை. ஆனால் பெரிய சைக்கிளை, மேல்வகுப்புக் கணக்கை, அப்பா ஆசைப்பட்ட வாத்தியத்தை, "வளர வளரப் பழகிக்கொள்ளும்" என்று நாமும்தான் அவர்கள் தோளில் வைக்கிறோம். யாருடைய அளவுக்கு வாங்குகிறோம் என்று அந்தத் தாத்தா கேட்டதுபோல் கேட்டுப் பார்க்கலாம்.

ஜூலையில் அவள் தன் முதல் மானைச் சுட்டாள். ஒரே குண்டு, எண்பது மீட்டர். அக்கா அந்த இறைச்சியை நம்மூர் மசாலா போட்டுப் பெரட்டல் செய்து படம் அனுப்பினார். அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குத் தோள் வலிச்சுதாமா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லையாம் என்றேன்.