சித்திரைதான் எங்க சீசன்

மெட்ராஸில் கச்சேரி சீசன் என்றால் மார்கழி என்பார்கள். வியாசர்பாடியில் பிறந்த எனக்குச் சித்திரைதான் சீசன். ஏப்ரல் 14, ஊரெல்லாம் வருசப்பிறப்பு. எங்களுக்கு பாபாசாகேப் பிறந்தநாள். தார் உருகுகிற வெயிலில் நீலக்கொடி கட்டுவோம், பந்தல் போட்டு மோர் ஊத்துவோம். பொழுது சாஞ்சா மேடையில் கானா.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கானா என்றால் சாவு வீடுதான். ஆம்பளைங்க விடிய விடியப் பாடுவார்கள். நாங்கள் வாசப்படியில் நின்று கேட்போம். ஒருநாள் துணி துவைக்கும்போது அந்த மெட்டை முணுமுணுத்தேன். "சாவுப்பாட்ட வூட்ல பாடாதடி"ன்னு ஆயா வாயிலேயே அடிச்சது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் "சேரிப்பாட்டு" என்றார். ஆயா சொன்னது பயத்தில். டீச்சர் சொன்னது அருவருப்பில். இரண்டுக்கும் சேர்த்து வாயை மூடிக்கொண்டேன்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடந்தது. ஆண் பாடகர்களுக்கு நடுவே இசைவாணி பாடினார். அடுத்த வருசம் சித்திரையில் எங்கள் தெரு மேடையில் என் அக்கா மகள் மைக்கைப் பிடித்தாள். சாவுக்கென்று ஒதுக்கி வைத்த பாட்டில் அம்பேத்கர் பிறந்த கதையைப் பாடினாள்.

பத்து மணிக்குப் போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னார்கள். பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்பது சட்டம். மைக்கை அணைத்தோம். அவள் நிறுத்தவில்லை. பொம்பளைங்க கைதட்டித் தாளம் போட்டோம். ஐம்பது வயதில், முதல்முறையாக நானும் தெருவில் வாய்விட்டுப் பாடினேன்.