தேரிக்காட்டில் வாலிபர் பணி

திருச்செந்தூருக்கு மேற்கேயும் தெற்கேயும் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றை அந்நாட்டார் தேரி என்பர். ஆடி மாதத்துக் காற்றில் அம்மணல் இடம் பெயரும்; நேற்று மேடாக இருந்தது நாளை பள்ளமாகும். பனையும் உடையும் முந்திரியும் அன்றி வேறு மரங்கள் அங்கு எளிதில் வேர்கொள்வதில்லை. அந்நிலத்தின் விளிம்பிலே சிற்றூர்கள் பல உள்ளன. ஊர் சிறிதாயினும் அதன் கோயில் பெரிது. தேவாலயத்தைக் கோயில் என்றே அங்குள்ள கிறித்தவர் வழங்குவர். மெஞ்ஞானபுரத்துக் கோயிலின் கூர்ங்கோபுரம் 192 அடி உயரமுடையது. பனங்காட்டுக்கு மேலாக நெடுந்தொலைவு தெரியும்.

இத்தகைய ஊர்கள் சிலவற்றைக் கொண்ட ஒரு சேகரத்தில் 12 ஆண்டுகளாக வாலிபர் ஊழியனாக இருந்து வருகிறேன். சேகரம் என்பது அடுத்தடுத்த சபைகள் பல சேர்ந்த ஒரு தொகுதி. அதற்குத் தலைவர் குருவானவர். ஞானஸ்நானம் கொடுத்தலும், திருமணம் நடத்துதலும், நற்கருணை வழங்குதலும் அவர்தம் கடமைகள். வாலிபர் ஊழியனுக்கோ இவ்வாறு வரையறுத்த கடமை யாதும் இல்லை. இது யாருடைய வேலை என்று தெரியாமல் நிற்கும் வேலை எல்லாம் அவனுடைய வேலையே.

சனிக்கிழமை மாலையில் வாலிபர் கூட்டம்; ஞாயிறு காலையில் ஞாயிறு பள்ளி; மே மாதத்தில் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி; மார்கழிப் பனியில் வீடுதோறும் சென்று பாடும் கீத பவனி. ஊர் அறிந்த பணிகள் இவை. ஊர் அறியாதன வேறு பல. கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தை நிரப்பித் தரவேண்டும். உதவித்தொகை வரவில்லை என்று வங்கிக்குச் சென்று நிற்கவேண்டும். தந்தையோடு பேச்சை நிறுத்திவிட்ட மகனுக்கும், மகனோடு பேசத் தெரியாத தந்தைக்கும் நடுவே தூது போகவேண்டும். இவ்வேலைகளுள் இறுதியிற் கூறியதே மிகக் கடினமானது. முதல்நாள் தூது சென்றவனை இருவரும் ஐயுறுவர். மூன்றாம் நாள் இருவரும் அவனையே கடிவர். அதன் பின்னரே தம்முள் பேசத் தொடங்குவர்.

இப்பணிக்கு எனக்கு முன்னோர் ஒருவர் உண்டு. அவர் இம்மண்ணிலேயே பிறந்தவர். 1874-ஆம் ஆண்டில் வெள்ளாளன்விளை என்னும் ஊரில், வேதநாயகம் என்னும் குருவானவரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான அவரை, பேராயர் என்றே பலரும் நினைவிற் கொண்டுள்ளனர். அவர் முதலில் வாலிபர் ஊழியர் என்பதை நினைப்பவர் சிலரே. 1895-ஆம் ஆண்டில், இருபத்தோராம் வயதில், வாலிபர் கிறித்தவ சங்கத்தின் செயலாளராகப் பணியேற்று, தென்னாட்டு ஊர்களிலெல்லாம் இளைஞரைத் தேடி அலைந்தார். அச்சங்கமும் ஓர் இளைஞரால் தோன்றியதே. லண்டன் மாநகரில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர், தம்மைப்போல் பிழைப்புத் தேடி நகருக்கு வந்த தோழர் சிலரைச் சேர்த்துக்கொண்டு 1844-இல் அதனைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 22.

அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவ இளைஞர் தம் கைப்பொருளைக் கொண்டே கடல் கடந்து ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். 'திருநெல்வேலியார் இதனை ஏன் செய்யலாகாது?' என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் தைத்தது. மறு ஆண்டிலேயே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. பிறரை அனுப்பிவிட்டு அவர் வீட்டில் இருந்தாரல்லர். 1909-இல் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, தெலுங்கு கற்று, மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கல்கத்தாவில் பேராயராக அருட்பொழிவு பெற்றார்.

இடையிலே 1910-இல் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலகச் சமயப் பணியாளர் மாநாடு ஒன்று கூடிற்று. அங்கே அசரியா பேசினார். மேனாட்டார் இந்தியர்க்குச் செய்த உதவிகளை நன்றியோடு குறித்த அவர், அவர்களிடம் இந்தியர் வேண்டுவது நட்பே என்று முடித்தார். பொருளும் உழைப்பும் தந்தீர்கள். ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் தோழமையைத் தரவில்லை என்பது அவ்வுரையின் உட்பொருள். அவையோர் பலர் முகம் சுளித்தனர் என்பர். முப்பத்தாறு வயதும் நிரம்பாத ஒருவர், தமக்குச் சோறிட்டவரின் அவையிலே இதனைச் சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்! இளைஞரோடு பழகியவர்க்கு அத்துணிவு வருவது இயல்பு என்று நான் எண்ணுகிறேன். இளைஞர் அறிவுரையை அன்றே மறப்பர். தம்மோடு அமர்ந்து உண்டவரை மறப்பதில்லை.

எங்கள் ஊர்களில் இளைஞர் தங்குவதில்லை. பனைத்தொழில் அவர்களை இருத்திவைக்கும் வலிமை உடையதன்று. உடன்குடிக் கருப்பட்டிக்கு நாடெங்கும் பெயருண்டு. அதனைக் காய்ச்சும் குடும்பத்துக்கோ ஆண்டு முழுதும் வருவாய் இல்லை. பனையேறுபவர் பருவகாலத்தில் நாளுக்கு இருமுறை ஒவ்வொரு மரத்திலும் ஏறியிறங்க வேண்டும். தவறி வீழ்ந்தால் உயிர் போகும். அன்றேல் இடுப்பு ஒடியும். ஒருமுறை அவ்வாறு ஒருவர் வீழ்ந்தார். பாளையங்கோட்டை மருத்துவமனை வாயிலில் அவர் மகன், பதினாறு வயதுச் சிறுவன், என்னைப் பார்த்து, "அண்ணே, அப்பா தினமும் ஜெபம் பண்ணிவிட்டுத்தானே ஏறுவார்?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு விடையாக நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் சிலவற்றை நான் படித்தும் இருக்கிறேன். அவற்றுள் ஒரு சொல்லும் அப்போது என் நாவில் எழவில்லை. எழாததே நன்று என்று இன்றும் கருதுகிறேன். அவனோடு அத்திண்ணையில் இருந்தேன். மறுநாள் முதல் எங்கள் வாலிபர் முறைவைத்து, இரவுக்கு இருவராக, 19 இரவுகள் அம்மருத்துவமனையில் தங்கினர். அவர் எழுந்து நடந்தார். ஆனால் மீண்டும் மரம் ஏறவில்லை. அச்சிறுவன் இன்று கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். இப்போதும் சில வேளைகளில் அதே வினாவைக் கேட்பதுண்டு. அப்போதும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருப்போம்.

இவ்வாறு சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் சிதறிய இளைஞரை எங்ஙனம் ஒன்றாக வைப்பது? முற்காலத்து உபதேசியார் கடிதம் எழுதுவர். எங்களுக்குக் கைப்பேசி வாய்த்தது. அதில் எங்கள் வாலிபர் எல்லாரும் ஒரு குழுவாக இணைந்துள்ளனர். முதலில் நான் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்தும் பழைய வேடிக்கைகளுமே அதில் மிகுதி. ஆயினும் ஒன்றைக் கண்டேன். கூட்டத்தில் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பையன், இரவு பதினொரு மணிக்கு மேல் நீண்ட செய்தி எழுதுவான். நேரில் நாவெழாதவனுக்கு விரல் எழுகிறது. மற்றொன்றும் கண்டேன். குழுவில் ஓயாது பேசுபவன், நேரில் பார்க்கையில் மெலிந்து, கண் குழிந்து நிற்பான். முகம் தெரியாத இடத்தில் மகிழ்ச்சியாக இருப்பதாகக் காட்டிக்கொள்வது எவர்க்கும் எளிது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கோயில்கள் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு உயிர்த்தெழுந்த திருநாளன்று மணியோசை மட்டுமே கேட்டது. கூட்டம் கூட இயலாமையால், இரவு எட்டு மணிக்குக் கைப்பேசி வழியாகக் கூடலானோம். பல ஆண்டுகளாகக் கோயிற்படி மிதிக்காதவர்களும் அதில் வந்து சேர்ந்தனர். எங்கள் ஊர்ப்பெண் ஒருத்தி வெளியூர் மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருந்தாள். ஓரிரவு அவள், "இன்று என் பொறுப்பில் இருந்த இருவர் இறந்துவிட்டனர். அவர்கள் வீட்டார் ஒருவரும் அருகில் இல்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்" என்றாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஒருவரும் இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. நெடுநேரம் கழித்து மூதாட்டி ஒருத்தி, பேரனின் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்தவள், "மகளே, நீ சாப்பிட்டாயா?" என்றாள். அப்பெண் அழத் தொடங்கினாள்.

அக்கோடையிலே எங்கள் ஊரில் முதியவள் ஒருத்தி மறைந்தாள். அவள் ஒரே மகன் வளைகுடா நாட்டில் பற்றவைப்புத் தொழிலாளி. வானூர்திகள் நின்றுவிட்டன. சவ அடக்கத்துக்கு இருபதின்மருக்கு மேல் கூடலாகாது என்பது அரசின் ஆணை. எங்கள் இளைஞர் அறுவர் பெட்டியைச் சுமந்தனர். மற்றவர் தத்தம் வாயிலில் நின்று கைகூப்பினர். குருவானவர் வேண்டுதல் செய்கையில் நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்; மகன் அதில் பார்த்துக்கொண்டிருந்தான். மண் இடுமுன், "அண்ணே, அம்மா பக்கத்தில் கொஞ்சம் வையுங்கள்" என்றான். பெட்டியின் மேல் வைத்துவிட்டு எல்லாரும் நான்கடி விலகி நின்றோம். அவன் பேசியது என்ன என்பது எங்களுக்கு வேண்டாத செய்தி. அவன் ஊர் வந்து சேர எட்டுத் திங்கள் ஆயின. வந்த அன்று வீட்டுக்குச் செல்லவில்லை; பெட்டியும் கையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கே சென்றான்.

அவ்வாண்டின் நிகழ்ச்சிகளைக் கண்டு, 'இனிக் கோயிலும் கூட்டமும் எதற்கு? கைப்பேசியே போதுமே' என்று இளைஞர் சிலர் வாதிட்டனர். அவர்கள் கூற்றில் உண்மை சிறிது இருந்தமையால் நான் உடனே மறுக்கவில்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று மழை தொடங்கிற்று. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. பல ஊர்களுக்கு ஓராண்டில் பெய்யும் மழையைவிட அது மிகுதி. குளங்கள் உடைந்தன, தாமிரவருணி கரைபுரண்டது, சாலைகள் அறுந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளோடு திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அருகிலிருந்த ஊர்மக்கள் தம்மிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்கு அளித்தனர். மின்சாரம் போயிற்று. அதன் பின் கைப்பேசிகளும் ஊமையாயின. எங்கள் குழுவில் இருந்த நூற்றுவரும் ஒரே இரவில் மறைந்தாற்போல் இருந்தது.

அப்போது எஞ்சியவர் ஊரில் இருந்த பதினால்வரே. கயிறு ஒன்றைப் பனையிற் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் ஒவ்வொரு வீடாகச் சென்றோம். முதியோரைத் தோளில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்தோம். அன்று கோயிலில் தங்கியவருள் கிறித்தவர் பாதி; மற்றவர் பாதி. எவர் எவர் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. அசன விழாவுக்கு வைத்திருந்த பெரிய செப்புப்பானைகள் வெளியே வந்தன. பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒதுக்கிவைக்கும் காணிக்கைக் கைப்பிடி அரிசி இரண்டு மூட்டை இருந்தது. மூன்று நாள் எல்லாரும் அதனையே கஞ்சியாக்கிக் குடித்தோம். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கருப்பட்டி. உப்பு இல்லாமையால் வேறு வழியும் இல்லை.

நான்காம் நாள் மாலை, கோயிற்படியில் உலரவைத்திருந்த என் கைப்பேசி திடீரென்று ஒலிக்கத் தொடங்கிற்று. செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. முந்நூறுக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் ஒரே வினா: "அண்ணே, எல்லாரும் இருக்கிறார்களா?" ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டாரின் பெயரைச் சொல்லி விடை எழுதினேன். வளைகுடாவிலிருந்த அம்மகனும் எழுதியிருந்தான். ஊரில் அவனுக்கு இப்போது உறவென்று சொல்ல ஒருவரும் இல்லை. அவன் கேட்டது இது: "யார் வீட்டுச் சுவர் விழுந்தது? கணக்கெடுத்து அனுப்புங்கள்."

பதினேழு வீட்டின் கணக்கை எழுதி அனுப்பினேன். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, பையன்களோடு சேறு அள்ளச் சென்றேன்.