நீலத் தாள்

தபால்காரர் வந்துபோன நாளில் அப்பா பக்கத்தில் போகக் கூடாது என்பது கோத்தகிரிப் பக்கத்து எங்கள் லைன் வீட்டில் எழுதாத சட்டம். ஏர்மெயில் நீலத் தாளைப் படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ராத்திரி சோற்றில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டு பறக்கும். அம்மா வருடா வருடம் உப்பைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

கடிதம் இலங்கையின் ஹட்டனிலிருந்து, அத்தை எழுதுவது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த 9,75,000 மலையகத் தமிழரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000. மிச்சப் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை. இந்தியாவுக்குப் புறப்பட்டவர்களை மலையிலிருந்து இறக்கிக்கொண்டுவந்த ரயிலை அந்தச் சனங்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். பிறகு தாயகம் திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம். இன்றைய டேன்டீ. அப்பா வந்த வழியும் அதுதான்.

அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. சாயங்காலம் உள்ளங்கையில் சர்க்கரையை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கும்போது மட்டும் முகம் இளகும். "அங்க கொழுந்து வாசமே வேற" என்பார். அத்தோடு சரி.

அண்ணன் குன்னூரில் குடும்பம் நடத்தப் போனான். அவனும் நாள்கணக்கில் பேசாமலிருந்து ஒருநாள் வெடிப்பான். "இன்னொரு மாமாவோட என்னால குப்பை கொட்ட முடியாது" என்று அண்ணிதான் அவனைக் கோயம்புத்தூரில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் கூட்டிப்போனார். "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டரா?" என்று பதறினாள் அம்மா. அங்கே மாத்திரையும் இல்லை, புத்திமதியும் இல்லை. முக்கால் மணி நேரமும் கேள்விகள்தான். மூன்று தலைமுறைக் குடும்பத்தைத் தாளில் வரையச் சொன்னாராம்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அத்தையின் வட்டத்தில் பேனா நின்றது.

"இவங்களப் பத்தி வீட்ல என்ன பேசுவீங்க?"

"பேச மாட்டோம். அவங்க லெட்டர் வந்தா அப்பா சண்டை போடுவாரு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அம்மா குறைத்த உப்பெல்லாம் வீண்.

தங்கையைப் பிரிந்த அப்பாவுடையது மாதிரியான துக்கத்தை அமெரிக்கக் குடும்பநல நிபுணர் பாலின் பாஸ் 1970களிலேயே தனியாக அடையாளம் காட்டியிருக்கிறார். ஆள் உயிரோடு இருப்பார், கூட இருக்க மாட்டார். கருமாதி கிடையாது, அழுது தீர்க்க ஒரு நாள் கிடையாது. அப்பாவுக்கு அது கோபமாக வந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்து வளர்ந்த அண்ணனுக்கோ எதற்கென்றே தெரியாத கோபம்.

கோபம் ஏறும்போது உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்று கவனிக்கச் சொல்லிக்கொடுத்தார் ஆலோசகர். அண்ணனுக்குத் தாடை இறுகும். அப்போது எழுந்துபோகலாம், ஆனால் "பத்து நிமிஷத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். இவ்வளவுதான். இது பழகவே மாதங்கள் பிடித்தன. இப்போதும் அவர்கள் வீட்டில் சண்டை உண்டு. மறுநாள் பேச்சு இருக்கிறது.

அடுத்த நீலத் தாள் வந்த அன்று அண்ணன் ஊரில் இருந்தான். "அத்தை என்னப்பா எழுதியிருக்காங்க?" என்று கேட்டான். அதுவரை எங்களில் யாரும் கேட்டதில்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "நீயே படி, சத்தமா." அம்மாவும் அடுப்படியிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆலோசனையால் எல்லா வீடும் சரியாகிவிடாது. கை நீட்டுகிற வீட்டில் முதல் தேவை பாதுகாப்பு; பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. மற்றபடி, மனசுக்குள் போட்டுப் புழுங்குகிறவர்கள் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பைத்தியம் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் பேச்சு நின்றுபோனாலே போதும், அழையுங்கள்.