இறங்கிக் கொடுக்கும் கால்கள்

நிலக்கரிச் சுரங்கத்தில் மெக்கானிக்கல் பிரிவில் வேலை பார்த்தவன் நான் என்றதும், கீழ்பென்னாத்தூர் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "தலைக்கு மேலே அவ்வளவு பாறை இருக்குமே, அதை எது சார் தாங்குது?"

முழுப் பாறையையும் எதுவும் தாங்குவதில்லை என்பதே பதில். நம்மூரில் கிணறு வெட்டும்போது தலைக்கு மேலே வானம். அங்கே வானமே பாறைதான். முன்பு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார்கள். 1978-ல் ஜாரியா பகுதியின் மூனிடி சுரங்கத்தில் ஹைட்ராலிக் சப்போர்ட்டுகள் வந்தன. லாரி ஜாக் மாதிரிதான். பம்பிலிருந்து அழுத்தத்தோடு வரும் திரவம் காலை உயர்த்தி, மேல்தகட்டைக் கூரையோடு அழுத்தி நிறுத்தும். அந்தத் திரவத்தில் 100-க்கு 95 பங்கு தண்ணீர், மீதி எண்ணெய்.

இப்படி வரிசையாக நிற்பவற்றின் அடியில் ஆட்கள் வேலை செய்வார்கள். மெஷின் நிலக்கரியை அறுத்துக்கொண்டு போனதும், ஒவ்வொரு சப்போர்ட்டாக இறங்கி, ஒரு எட்டு முன்னே நகர்ந்து, மறுபடி முட்டு கொடுக்கும். பின்னால் விட்டுவந்த கூரை விழுந்துவிடும். விழவும் வேண்டும். விழாமல் தொங்கினால்தான் ஆபத்து. இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சர்ச்சா சுரங்கத்தில் 1990-ல் அதுதான் நடந்தது. கெட்டிப் பாறை விழாமல் நின்று, ஒரேயடியாக இறங்கியதில் சப்போர்ட்டுகள் நசுங்கின. அதனால்தான் இத்தகைய கூரைகளை வெடிவைத்து முன்கூட்டியே விழச் செய்கிறார்கள்.

மெதுவாக இறங்கும் பாரத்துக்கு ஒவ்வொரு காலிலும் ஒரு 'ஈல்டு வால்வு' உண்டு. அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் அது திறந்து கொஞ்சம் திரவத்தை வெளியே விடும். கால் சிறிது இறங்கும், வால்வு மூடிக்கொள்ளும். பாரம் குறையாமல் தாங்கியபடியே இறங்குவதுதான் அதன் சூட்சுமம். வால்வு அடைத்துக்கொண்டால் சீல் கிழியும், கால் வெடிக்கும்.

புதிதாக வந்த பையன்கள் திரவம் வருவதைப் பார்த்ததும் "ஒழுகுது சார்" என்று ஸ்பேனரை எடுப்பார்கள். முதலில் கேஜைப் பார்க்கச் சொல்வேன். குறித்த அழுத்தத்தில் வந்தால் அது வால்வு செய்யும் வேலை. அழுத்தம் குறைவாக இருக்கும்போதே கசிந்தால் அது நோய். அந்தக் கால் நிற்பதுபோலத் தெரியும், ஆனால் தாங்காது. அதன் பாரம் இரு பக்கத்துக் கால்கள் மேலும் போய் விழும். நடுவில் கூரை உதிர ஆரம்பிக்கும்.

ஷிப்டில் இறங்கியதும் டீயைக்கூடத் தள்ளிவைத்து நாங்கள் கேஜ்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனது இதற்காகத்தான்.