நடுவில் நிறுத்து

ஜூன் 6, வெள்ளி
பெங்களூரிலிருந்து பெரியவனும் மருமகளும் வந்திருக்கிறார்கள். ராத்திரி சாப்பாடு ஆனதும் ‘சுழல்’ வெப் சீரிஸ் போட்டான். ஒரு எபிசோடு பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்றுதான் பேச்சு. முடிகிற இடத்தில் ஒரு திடுக். மூலையில் எண்கள் இறங்க, யாரும் எதையும் தொடாமலே அடுத்தது ஓட ஆரம்பித்துவிட்டது. சாமர்த்தியம் அங்கேதான். பார்ப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்; நிறுத்தத்தான் ரிமோட்டைத் தேட வேண்டும். அது தலையணைக்கடியில் கிடந்தது. படுக்கும்போது மணி ஒன்றரை.

ஜூன் 7, சனி
மருமகள் மனோதத்துவம் படித்தவள். “ரசிச்சா பார்க்கிறோம் அத்தை? பாக்கி வெச்சதைத் தீர்க்கிறோம்” என்றாள். பெர்லினில் மனோதத்துவ நிபுணர் குர்ட் லெவினிடம் படித்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னாள். அரைகுறையாக விட்ட வேலைதான் அதிகம் நினைவிருக்கும் என்று புளூமா ஸைகார்னிக் 1927-ல் எழுதினார். பின்னால் செய்துபார்த்த பலருக்கு அது அப்படி வரவில்லையாம். அடுத்த வருஷம் மரியா ஓவ்சியாங்கினா கண்டது வேறு: பாதியில் பிடுங்கிய வேலையை, யாரும் கேட்காமலே, ஜனங்கள் திரும்பப் போய் முடிக்கிறார்கள். இது இன்றுவரை நிற்கிறது. எனக்கும் இதுதான் பொருத்தமாகப் படுகிறது. நேற்று எங்களை உட்காரவைத்தது ஞாபகமா என்ன?

ஜூன் 8, ஞாயிறு
எட்டு எபிசோடும் முடிந்தது. காபியில் ஆடை படர்ந்து கிடந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை. மெல்போர்னில் 2017-ல் வந்த ஆய்வு ஒன்றையும் மருமகள் சொன்னாள். ஒரே தொடரைச் சிலருக்கு ஒரே மூச்சில், சிலருக்குத் தினம் ஒன்றாக, சிலருக்கு வாரம் ஒன்றாகக் காட்டினார்களாம். மறுநாள் கேட்டபோது ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்குத்தான் நன்றாக நினைவிருந்தது. 140 நாள் கழித்து அதிகம் மறந்திருந்ததும் அவர்களே. ரசித்ததும் குறைவாம்.

ஜூன் 10, செவ்வாய்
அவர்கள் கிளம்பியாயிற்று. இரண்டாம் சீசனை நான் மட்டும் பார்க்கிறேன், என் முறைப்படி. முடிச்சு விழுவது எபிசோடின் கடைசியில். அது அவிழ்வது அடுத்ததன் முதல் கால் மணியில். அவிழ்ந்ததும், யாராவது சும்மா ஜீப்பில் போய்க்கொண்டிருக்கும்போது அணைத்துவிடுகிறேன். தூக்கம் தாராளமாக வருகிறது. டிவியில் ‘மெட்டி ஒலி’ சீரியல் ஓடிய நாளிலும் இதே முடிச்சுதான். ஆனால் அவிழ்க்க மறுநாள்வரை காத்திருந்தே ஆகவேண்டும். நிறுத்துகிற பொறுப்பை இப்போது நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஜூன் 13, வெள்ளி
பெரியவன் போன் செய்தான். கொரியத் தொடர் ஒன்று ஆரம்பித்திருக்கிறானாம், பதினாறு எபிசோடு. நடுவில் நிறுத்திப் பாரேன் என்றேன். “நடுவுல யாராவது நிறுத்துவாங்களாம்மா?” என்கிறான். பின்னால் டைட்டில் பாட்டு கேட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.