ஐந்து மாதத் தாமதம்

"அக்கா, ரவுட்டரை ஆஃப் பண்ணிடு. நாம பேசறதை அவங்க கேக்கறாங்க."

பெர்லினில் முதுநிலைப் படிப்பில் இருந்த என் தம்பி, இரவு இரண்டு மணிக்கு இப்படிப் போன் செய்தபோது நான் சிரித்துவிட்டேன். அவனுக்கு அப்போது 23 வயது. அதே ஊரில் நான் மென்பொருள் பொறியாளர். மறுநாள் அவன் அறைக்குப் போய், ரவுட்டரின் லாகைத் திறந்து வரி வரியாகக் காட்டினேன். "பாருடா, யாரும் உள்ள வரல." பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அந்த லாகையும் அவங்கதான் எழுதியிருக்காங்க."

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தீசிஸ் டென்ஷன், தூக்கமில்லை, வெயிலே இல்லாத குளிர்காலம் என்று ஒவ்வொன்றாகக் காரணம் தேடிக்கொண்டேன். அவன் வகுப்புக்குப் போவது நின்றது. அப்புறம் குளிப்பது, சாப்பிடுவது. மதுரையிலிருந்து அம்மா, "டிக்கெட் போட்டு அனுப்பும்மா, குணசீலம் கோயில்ல ஒரு மண்டலம் தங்க வெச்சா சரியாயிடும்" என்றார். அப்பாவுக்கு வேறு கவலை: "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத. நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பாக்கணும்." எனக்கு அவன் வீசா பற்றிய பயம். ஆளுக்கொரு பயத்தில் ஐந்து மாதம் போய்விட்டது.

பிப்ரவரியில் ஓர் இரவு, போனைக் கால்வாயில் எறிந்துவிட்டு, கோட்டுகூட இல்லாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "பயமா இருக்குக்கா." அன்றுதான் மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் அவனிடம் நெடுநேரம் பேசினார். வெளியே வந்தவரிடம், என்ன பிரச்சினை என்று கேட்டேன். "அவர் வயது வந்தவர். அவர் சம்மதம் இல்லாமல் நான் எதுவும் சொல்ல முடியாது." கூடப் பிறந்தவள் என்றேன். அப்போதும் அதே பதில்தான். நம்ம ஊரில் டாக்டர் முதலில் வீட்டு ஆட்களைத்தான் கூப்பிட்டுப் பேசுவார். வெளிநாட்டு மருத்துவமனை வராந்தாவில் யாரோ போல உட்கார்ந்து அழுதேன்.

நான்காவது நாள் அவனே கையெழுத்துப் போட்டான். டாக்டர் விளக்கினார். சைக்கோசிஸ் என்பது, இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் குறிவைக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்ற நிலை. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோதான் தொடங்கும். சிகிச்சை இல்லாமல் எவ்வளவு காலம் ஓடுகிறதோ, மீள்வது அவ்வளவு கடினம். "எப்போது தொடங்கியது?" என்று கேட்டார். "ஐந்து மாதம்." எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

அவனைச் சேர்த்த வார்டில் எல்லோருமே அவன் வயதுக்காரர்கள். முதல் முறை நோய் வந்த பிள்ளையை, பல வருடங்களாக நோயோடு இருப்பவர்கள் நடுவே படுக்க வைத்தால், 'என் வாழ்க்கையும் இவ்வளவுதான்' என்று நினைத்துவிடுவான். அதனால்தான் இந்தத் தனி ஏற்பாடு. 1992இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இளைஞர்களுக்கென இப்படியொரு மையம் தொடங்கியது. ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழக மருத்துவமனை 1997இல் ஆரம்பக் கட்டத்திலேயே கண்டறியும் மையத்தைத் திறந்தது. பெர்லினில் அம் உர்பான் மருத்துவமனையில் 'ஃபிரிட்ஸ்' என்ற இளைஞர் பிரிவு இருக்கிறது. மாத்திரை மட்டுமல்ல, பேச்சு, நடை, சமையல், படிப்புக்குத் திரும்பத் திட்டம் எல்லாமே சிகிச்சைதான். மூன்றாவது வாரம் நான் போனபோது தம்பி பத்துப் பேருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் அவன் கத்தியைத் தொட்டதே இல்லை.

வீடியோவில் அம்மா அப்பாவையும் சேர்த்து டாக்டர் பேசினார். நான்தான் மொழிபெயர்ப்பு. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "நான் வளத்ததுல என்ன தப்பு டாக்டர்?" அதை ஜெர்மனில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் குரலே வரவில்லை. "உங்கள் தப்பு எதுவும் இல்லை. தினமும் போன் பண்ணுங்கள்" என்றார் அவர்.

பிறகு தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும், கனடாவின் மான்ட்ரியல் மையமும் ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். சென்னையில்தான் குடும்பத்தினர் சிகிச்சையில் கூடுதலாகக் கூடவே இருந்தார்கள். நம்மிடம் இருக்கும் பலம் அது. மறைப்பதற்குச் செலவழிக்கும் சக்தியை அதில் போட்டால் போதும்.

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இப்படி யாராவது இருந்தால், இங்கே தெரிந்திருக்க வேண்டியவை சில. அவசரமென்றால் 112, இல்லையென்றால் 116117இல் டாக்டர் கிடைப்பார். அரசுக் காப்பீட்டில் இருப்பவர் மருத்துவமனைக்குக் கட்டுவது நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருடத்துக்கு அதிகபட்சம் 28 நாள். உடல்நிலைக்காகப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் விடுப்பு கேட்கலாம். அன்று என்னை வராந்தாவில் உட்கார வைத்த அதே ரகசியக் காப்புச் சட்டம்தான், டாக்டர் வேறு யாரிடமும் விஷயத்தைச் சொல்லாமலும் பார்த்துக்கொள்கிறது. அவன் கையெழுத்தை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஒன்றரை வருடம் ஆகிறது. தம்பி மாத்திரை சாப்பிடுகிறான், தீசிஸை மறுபடி எடுத்திருக்கிறான். இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரை மட்டும் போடாதக்கா" என்றான்.

இப்போதும் சில இரவுகளில் போன் வரும். "அக்கா, அவங்க கேக்கறாங்களோன்னு தோணுது." நான் லாகைத் திறப்பதில்லை. "பயமா இருக்காடா? வரட்டுமா?" என்று கேட்கிறேன்.